அன்று குற்றமில்லை, இன்று குற்றம்: பின்னோக்கிப் பாயும் சட்டங்களும் நாங்களும்

எனது உறவினர் ஒருவர் சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதினார். 2003இல் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 22 வயது. காலையில் சைக்கிளில் போய், பின்னேரம் திரும்பி, மாத முடிவில் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுக்கும் ஒரு சாதாரண எழுதுவினைஞர். ஆயுதம் தொட்டதில்லை. 2009இல் முகாமுக்கு வந்த பிறகு அவரை விசாரித்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "தடை செய்த இயக்கத்தில ஏன் வேலை செய்தது?"

"அப்ப தடை இல்லை ஐயா" என்றிருக்கிறார் இவர்.

"இப்ப தடைதானே" என்று பதில் வந்ததாம்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் தடுப்பிலும் புனர்வாழ்விலும் கழித்த காலத்தைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. நானும் பல வருடங்களாக அதை ஒரு பகிடியாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். ஊடகக் கற்கை படித்தபோது ஊடகச் சட்டம் என்றொரு பாடம் இருந்தது. அதில் ஒரு நாள் விரிவுரையாளர், ஒரு செயலைச் செய்த நேரத்தில் அது குற்றமாக இல்லையென்றால் பின்னர் வந்த சட்டத்தால் அதற்குத் தண்டிக்க முடியாது என்று சொன்னார். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்த இரண்டு வரி உரையாடல் ஞாபகம் வந்தது.

என் உறவினர் சொன்னதில் பிழையில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகைத் தாக்குதலுக்குப் பிறகு விடுதலைப் புலிகள் மீது விதிக்கப்பட்ட தடை, தாய்லாந்துப் பேச்சுவார்த்தைக்குச் சற்று முன்னர், 2002 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. மீண்டும் தடை வந்தது 2009 ஜனவரி 7ஆம் திகதி, கிளிநொச்சி வீழ்ந்து ஐந்து நாட்களின் பின்னர். இடைப்பட்ட ஆறு வருடங்களுக்கும் மேலான காலத்தில் அந்த அமைப்பு இலங்கைச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஒன்றல்ல. 2006 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட அவசரகால ஒழுங்குவிதிகள், எந்த அமைப்பின் பெயரையும் சொல்லாமலே, பயங்கரவாதத்தில் ஈடுபடுவோருடனான கொடுக்கல் வாங்கல்களைக் குற்றமாக்கின. பயங்கரவாதத் தடைச் சட்டமும் முழுக்காலமும் இருந்தது. ஆனாலும் 2003இல் ஒரு மேசையில் இருந்து பேரேட்டில் கணக்கெழுதிய பொடியன், தடை செய்யப்பட்ட இயக்கத்தில் வேலை செய்தவன் அல்லன்.

அப்படியானால் அந்த அதிகாரி சட்டம் தெரியாமல் பேசினாரா? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்தது. எங்கள் நாட்டுச் சட்டத்தில் அவர் அப்படிப் பேசுவதற்கு இடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதற்கு 1962க்குப் போக வேண்டும்.

கொழும்புக் கனவான்களின் வழக்கு

1962 ஜனவரி 27 இரவு, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ், கடற்படை அதிகாரிகள் சிலர் போட்ட திட்டம் கடைசி நேரத்தில் வெளியானது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சம்பந்தப்பட்டோரில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று மூன்று இனத்தவரும் இருந்தார்கள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல குடும்பம், நல்ல ஆங்கிலம்.

அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். இருந்த சட்டத்தின்படி பொலிஸாருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஜூரிகள் முன்னால் வழக்கு வைத்தால் விடுதலையாகிவிடலாம். ஆகவே அதே வருடம் மார்ச் மாதத்தில் குற்றவியல் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். மார்ச்சில் பிறந்த அந்தச் சட்டம் ஜனவரி 1ஆம் திகதியே பிறந்துவிட்டதாகக் கருதப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதப்பட்டது. ஆட்களைப் பிடியாணை இல்லாமல் பிடித்து வைத்திருந்தது பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கப்பட்டது. குற்றத்தின் வரைவிலக்கணம் விரிவாக்கப்பட்டது. காவலில் இருந்தபோது கொடுத்த வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்க வழி செய்யப்பட்டது. குறைந்தபட்சத் தண்டனை 10 வருடச் சிறை, அத்தோடு சொத்து முழுவதும் பறிமுதல். ஜூரிகள் கிடையாது, நீதியமைச்சர் பெயர் குறித்து நியமிக்கும் மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். இந்த வழக்கு முடிந்தால் சட்டத்தின் வேலையும் முடிந்துவிடும்.

அமைச்சரால் நியமிக்கப்பட்ட அந்த மூன்று நீதிபதிகளும் தாங்கள் அப்படி நியமிக்கப்பட்டதே சட்டவிரோதம் என்று சொல்லி எழுந்து போனார்கள். எங்கள் நீதித்துறையின் வரலாற்றில் இப்படி ஒரு நாளும் இருந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, நியமிக்கும் பொறுப்பைப் பிரதம நீதியரசரிடம் கொடுத்தது. இரண்டாவது ஆயமும் கலைந்தது. அதிலிருந்த ஒருவர் சட்டமா அதிபர் பதவியில் இருந்தபோது இதே விசாரணையில் சம்பந்தப்பட்டிருந்தார். மூன்றாவது ஆயம்தான் 24 எதிரிகளில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, 1965 ஏப்ரலில் தலைக்கு 10 வருடம் விதித்தது.

அவர்கள் இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார்கள். 1965 டிசம்பர் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 11 பேரும் விடுதலை. குறிப்பிட்ட சில ஆட்களை, குறிப்பிட்ட ஒரு சம்பவத்துக்காக, நிச்சயமாகத் தண்டித்து விட வேண்டும் என்பதற்காகவே பாராளுமன்றம் செய்த இந்தச் சட்டம், தீர்ப்பளிக்கும் வேலையை நீதிமன்றத்திடமிருந்து பறித்துக்கொண்டது என்பது தீர்ப்பின் சாரம். லியனகே வழக்கு என்ற பெயரில் இன்றும் பொதுநலவாய நாடுகள் எங்கும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். பின்னோக்கிய சட்டம் எல்லாமே செல்லாது என்று கோமறைக் கழகம் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துச் சட்டம் தைத்ததுதான் அங்கே பிழையாகக் காணப்பட்டது. அந்த இடைவெளிக்குள்தான் பின்னர் வந்தவர்கள் நுழைந்தார்கள். கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையும் 1970களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஈடுபட்ட சிங்கள இளைஞர்களை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டபோது, அவர்களைக் காப்பாற்ற இலண்டன் இருக்கவில்லை.

1962இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சிறிமாவோவுக்கே 1978இல் அது திரும்பி வந்தது. ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் விசேட ஜனாதிபதி ஆணைக்குழுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, சிறிமாவோ ஆட்சியில் இருந்த காலத்துச் செயல்களை விசாரிக்கத் தொடங்கியது. சட்டம் வருவதற்கு முன்னர் நடந்தவற்றை விசாரிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. அரசாங்கம் என்ன செய்தது? அரசியலமைப்புக்கே முதலாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியது. 1980 ஒக்டோபரில் சிறிமாவோவின் குடியியல் உரிமைகள் ஏழு வருடங்களுக்குப் பறிக்கப்பட்டன. நாட்டின் முன்னாள் பிரதமருக்கே அப்படியென்றால், பெயர் தெரியாத ஒரு பொடியனுக்குச் சட்டம் எவ்வளவு இடம் கொடுத்திருக்கும்?

31ஆம் பிரிவில் ஒளிந்திருப்பது

1978 அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை கேட்பதற்கு அழகானது. செய்த நேரத்தில் குற்றமாக இல்லாத எதற்கும் எவரும் குற்றவாளியாகக் காணப்படலாகாது. செய்த நேரத்தில் இருந்த தண்டனையைவிடக் கூடிய தண்டனை விதிக்கப்படலாகாது. அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரு வருடம் ஆக முன்னர், 1979 ஜூலையில், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அவசரச் சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டு, மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றப்பட்டதால், அடிப்படை உரிமைகளோடு அது முரண்படுகிறதா என்ற கேள்வியை உயர் நீதிமன்றம் ஆராயவே தேவையில்லாமல் போனது. நிறைவேறிய சட்டம் ஒன்றைப் பின்னர் எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்பதும் எங்கள் அரசியலமைப்பின் ஏற்பாடு.

எங்களுடைய ஆட்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது 16ஆம் பிரிவைச் சொல்வார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும் என்பது. 9ஆம் பிரிவைச் சொல்வார்கள். அமைச்சரின் உத்தரவில் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்பது. 2022 திருத்தத்தின் பிறகு அது 12 மாதம். 31ஆம் பிரிவை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது வெறும் சொல் விளக்கப் பிரிவு. சட்டப் புத்தகத்தில் வாசகர்கள் தாண்டிப் போகிற பக்கம்.

அந்தப் பிரிவு "சட்டவிரோத நடவடிக்கை" என்றால் என்ன என்று விளக்குகிறது. இச்சட்டம் வந்த பிறகு செய்யப்பட்டிருந்தால் குற்றமாக இருந்திருக்கக்கூடிய ஒரு செயல், சட்டம் வருவதற்கு முன்னர் செய்யப்பட்டிருந்தாலும், சட்டவிரோத நடவடிக்கைதான் என்கிறது. கைது செய்யும் 6ஆம் பிரிவும் தடுத்து வைக்கும் 9ஆம் பிரிவும் இந்தச் சொல்லை வைத்தே இயங்குகின்றன. அதாவது, ஒருவரை நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காண்பதற்கு 13(6) தடையாக இருக்கலாம். ஆனால், அவரைப் பிடிக்கவும் மாதக்கணக்கில் அடைத்து வைக்கவும் குற்றத்தீர்ப்பு தேவையில்லை. எங்கள் ஆட்களில் எத்தனை பேருடைய வாழ்க்கை தீர்ப்பினால் போனது, எத்தனை பேருடையது தடுப்பினால் போனது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அழகான 13(6)க்கும் இரண்டு உறுப்புரைகள் தள்ளி ஒரு வேலி இருக்கிறது. தேசியப் பாதுகாப்பின் பொருட்டுச் சட்டத்தால் அந்த உரிமையை மட்டுப்படுத்தலாம் என்கிறது 15(1). "சட்டம்" என்பதற்குள் பொதுமக்கள் பாதுகாப்பு தொடர்பான ஒழுங்குவிதிகளும் அடங்குமாம். வர்த்தமானியில் வெளியாகும் ஒரு தாளே போதும். 1980 ஜூனில் இலங்கை இணைந்துகொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயமோ, அவசரகாலத்திலும் இந்த உரிமையை இடைநிறுத்த முடியாது என்று சொல்கிறது. சித்திரவதைக்கு எதிரான உரிமையோடு சேர்த்து எண்ணப்படும் உரிமை அது. எங்கள் அரசியலமைப்பு அதைக் கதவு திறந்த வீடாக விட்டிருக்கிறது.

அதே கோட்பாடு, மற்றப் பக்கத்தில்

இவ்வளவையும் வாசித்த பிறகு, பின்னோக்கிய சட்டம் என்றாலே கூடாதது என்று எழுதி முடித்திருப்பேன். வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. "தம்பி, எங்கட பிள்ளையளக் கொண்டு போனது பழைய கதையாம், புதுச் சட்டம் அதுக்குச் செல்லாதாம். மெய்யே?"

அவர் சொன்னது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி. வலிந்து காணாமல் ஆக்குதலை இலங்கையில் முதன்முதலாகத் தனிக் குற்றமாக்கியது அது. அது எதிர்காலத்துக்கு மட்டுமே, கடந்தகாலத்தைத் தொடாது என்று அன்றைய அரசாங்கத் தரப்பு தெற்குக்குத் திரும்பத் திரும்ப உறுதி சொன்னது. சட்டத்திலும் அது பின்னோக்கிச் செல்லும் என்று எங்கும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. எங்களைப் பிடிக்கும்போது மறந்துபோன கோட்பாடு, எங்கள் பிள்ளைகளைப் பிடித்தவர்கள் விசயத்தில் ஞாபகத்துக்கு வருகிறது.

பின்னோக்கிப் போய்க் காப்பாற்றும் சட்டம் செய்வதில் மட்டும் கொழும்புக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. 1982இல் இழப்பெதிர்காப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. பெயரைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. 1977 ஓகஸ்ட் மாதத்தில், தமிழர்கள் தாக்கப்பட்ட அந்த மாதத்தில், சட்டம் ஒழுங்கைப் பேணுவதற்காக நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்லப்படும் எதற்கும் அரச அதிகாரிகள் மீது வழக்கு வைக்க முடியாது என்பதே அதன் பொருள். 1988இல் அந்தக் காலம் 1988 டிசம்பர் 16 வரை நீட்டப்பட்டது. இடையில் 1983 இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாவுக்கு என்ன பதில்? முதலாவது, ஆட்கடத்தலும் கொலையும் புதுக் குற்றங்கள் அல்ல. 1883இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கின்றன. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் 2015இல் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது அந்தப் பழைய கோவையின் கீழ்தான். 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார் என்பது வேறு கதை. அதற்குச் சட்டத்தின் திகதி காரணமல்ல.

இரண்டாவது, அதே 13(6)இல் பலரும் மேற்கோள் காட்டாத இன்னொரு வாக்கியம் இருக்கிறது. செய்த நேரத்தில் நாடுகளின் சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த ஒரு செயலுக்கு ஒருவரை விசாரித்துத் தண்டிப்பதை இந்த உறுப்புரை பாதிக்காது என்கிறது அது. நூரம்பேர்க் விசாரணையில் நாஸிகளின் சட்டத்தரணிகள் "அன்று இது குற்றமில்லை" என்று வாதாடிய அனுபவத்திலிருந்து உலகம் எழுதிக்கொண்ட வாக்கியம். சமவாயத்திலிருந்து எங்கள் அரசியலமைப்புக்கு வந்தது. போர்க்குற்றங்களையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களையும் காணாமல் ஆக்குதலையும் காலவரையறையின்றித் தண்டிக்கும் சட்டம் செய்யுமாறு 2015 செப்டெம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் இலங்கையைக் கேட்டபோது, அரசியலமைப்பு அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. வாசல் 1978இலிருந்தே திறந்திருக்கிறது.

மூன்றாவது, காணாமல் ஆக்குதல் முடிந்துபோன செயல் அல்ல என்ற வாதம். ஆளைக் கொண்டு போனவர்கள் அவருக்கு என்ன நடந்தது என்பதை மறைக்கும் வரை அந்தக் குற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்று 1992இன் ஐ.நா. பிரகடனம் சொல்கிறது. இதை நீதிமன்றத்தில் வென்று காட்டியவர்கள் சிலி நாட்டவர்கள். பினோசேயின் இராணுவ ஆட்சி 1973 முதல் 1978 மார்ச் வரையான குற்றங்களுக்குத் தனக்குத்தானே பொதுமன்னிப்பு வழங்கியிருந்தது. நீதிபதி ஹுவான் குஸ்மான் அதை எதிர்கொண்ட விதம் எளிமையானது: உடல் கிடைக்கவில்லை, ஆகவே கடத்தல் 1978இல் முடியவில்லை, ஆகவே மன்னிப்பு அதைத் தொடாது. 1999இல் உயர் நீதிமன்றம் அந்தத் தர்க்கத்தை ஏற்றது. 1975இல் காணாமல் ஆக்கப்பட்ட ஓர் இளைஞரின் வழக்கில் உளவுத்துறைத் தலைவர் மனுவல் கொன்ரேராஸுக்கு வழங்கிய சிறைத்தண்டனையை அது 2004 நவம்பரில் உறுதிப்படுத்தியது. குடும்பத்தினர் இறப்பை ஒப்புக்கொள்ளாமல் இருந்ததுதான் அந்த வழக்குகளின் பலம். எங்கள் அம்மாமார் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று நிற்பதைப் பிடிவாதம் என்று எழுதிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன்.

வாசகர்களுக்கு வசதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றது. ஆனால் அந்தச் சாசனத்தின் கீழுள்ள ஐ.நா. குழுவால், சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே எடுக்க முடியும். 2009 அதற்குள் வராது. இந்த வழக்கை உள்நாட்டு நீதிமன்றத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

அதற்கும் ஒரு திகதி இருக்கிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலையையும் இராசத்துரோகத்தையும் தவிர மற்றக் குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 வருடத்தில் காலாவதியாகும். கடத்தல் 2009 மே மாதத்தோடு முடிந்தது என்று ஒரு நீதிபதி கருதினால், கணக்கு 2029 மேயில் முடிகிறது. 1990இல் கிழக்கில் கொண்டு போகப்பட்டவர்களுக்கு அது 2010இலேயே முடிந்துவிட்டது. குற்றம் தொடர்கிறது என்று கருதினால், கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

நீதி வேண்டும் என்ற அவசரத்தில் எந்தச் சட்டத்தையும் பின்னோக்கி மாற்றலாமா என்றால், பங்களாதேஷைப் பார்க்கச் சொல்வேன். 1971 போர்க்குற்றங்களுக்காக அப்துல் காதர் மொல்லாவுக்கு 2013 பெப்ரவரி 5ஆம் திகதி ஆயுள் தண்டனை கிடைத்தது. அது போதாது என்று டாக்காவின் ஷாபாக் சந்தியில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். தண்டனை போதாதென்று அரசு மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. பன்னிரண்டு நாட்களில் பாராளுமன்றம் சட்டத்தைப் பின்னோக்கித் திருத்தியது. செப்டெம்பரில் தண்டனை மரணமாக உயர்ந்தது. டிசம்பர் 12ஆம் திகதி தூக்கிலிட்டார்கள். அவர் மேல் சொல்லப்பட்ட குற்றங்கள் பயங்கரமானவை. இருந்தும் அந்த வழக்கைப் பற்றிப் பேசும் எவரும் இன்று குற்றத்தைப் பேசுவதில்லை, திருத்தத்தைத்தான் பேசுகிறார்கள். ஷாபாக்கில் நின்ற குடும்பங்களுக்கு அது ஒரு நட்டம் என்றே நான் நினைக்கிறேன்.

வவுனியா அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல அரை நாள் போனது. 20 வருடக் கணக்கைச் சொன்னபோது மட்டும் அவர் எழுந்து போய், பொலித்தீன் பைக்குள் வைத்திருந்த முறைப்பாட்டுப் பிரதிகளைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் "சம்பவம் நடந்த திகதி" என்ற இடத்தில் 2009.05.18 என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்தது. அடுத்ததாகக் கொடுக்க இருந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுக் கொடுங்கோ அம்மா என்றேன். காட்டினார். அவர் அந்த இடத்தில் "2009.05.18 முதல் இன்றுவரை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தை வாங்கிய இடத்தில், திகதி என்றால் ஒரு திகதிதான் போட வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்களாம். அம்மா மாற்றாமல் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். பற்றுச்சீட்டு அதே பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.